பீட்டில்ஸ்: முதலிடம் கிடைக்காத பாடல்கள் – எந்தத் தரவரிசையை நம்புவது?

சுழல்தட்டு (கேள்வி):

நண்பர்களே, வினாடி வினா ஒன்றுக்காக பீட்டில்ஸ் பற்றிய ஒரு சுற்று தயாராகிறது. முதலிடம் பிடித்த பாடல்களை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அதனால் முதலிடத்தைத் தவறவிட்டவை, பாதிப் பட்டியலோடு நின்றுபோனவை, பட்டியலுக்குள்ளேயே வராதவை என்று எடுத்துக்கொண்டு கேட்கலாம் என்று திட்டம். ஆனால் சரிபார்க்க உட்கார்ந்தால் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

‘பிளீஸ் பிளீஸ் மீ’ முதலிடம் என்கிறது ஒரு புத்தகம். இன்னொன்றில் 2, மற்றொன்றில் 3. ‘லவ் மீ டூ’வுக்கு 17, 4, 1 என்று மூன்று எண்கள் இருக்கின்றன. ‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ ஓரிடத்தில் 2, வேறிடத்தில் 8. எல்லாவற்றையும்விட நம்ப முடியாதது 1964 அமெரிக்கக் கணக்கு. ‘இஃப் ஐ ஃபெல்’ 53-ஆம் இடம், ‘ஐ’ம் ஹேப்பி ஜஸ்ட் டு டான்ஸ் வித் யூ’ 95-ஆம் இடம். அமெரிக்காவே அவர்கள் பின்னால் ஓடிய வருடத்தில் இது எப்படி? அச்சுப்பிழையா?

ஆல்பங்களில் எவை சறுக்கின என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போட்டியாளர்களில் விவரம் தெரிந்தவர்கள் உண்டு, தப்பான விடையோடு போய் நிற்க முடியாது.

நாற்பத்தைந்து:

அச்சுப்பிழை எதுவும் இல்லை. நீங்கள் எழுதிய எண்கள் அத்தனையும் சரியானவை. எந்த நாடு, எந்த இதழின் பட்டியல், எந்த வருட வெளியீடு என்ற மூன்றையும் விட்டுவிட்டு வெறும் எண்ணை மட்டும் எழுதுகிறார்கள், அதுதான் சிக்கல். பிரிட்டன் பக்கத்தை நான் சொல்கிறேன். அமெரிக்கக் கணக்கு தனிக் கதை, இங்கே வேறு ஆட்கள் அதை நன்றாக அறிவார்கள்.

1969 பிப்ரவரி வரை பிரிட்டனில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே பட்டியல் என்று ஒன்று கிடையாது. நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ் 1952-லிருந்து ஒன்று போட்டது. மெலடி மேக்கர் 1956-லிருந்து, கடைக்காரர்களுக்கான வணிக இதழான ரெக்கார்டு ரீட்டெய்லர் 1960 மார்ச்சிலிருந்து. ஒவ்வொருவரும் தங்களுக்கென்று சில கடைகளைப் பிடித்து வாரா வாரம் விற்பனைக் கணக்கு வாங்குவார்கள். கடைகள் வேறு, எண்ணிக்கை வேறு, கூட்டிக் கழிக்கும் முறையும் வேறு. பிபிசி இவற்றைச் சேர்த்துச் சராசரி எடுத்துத் தன் நிகழ்ச்சியில் வாசித்தது. அன்றைக்கு ரேடியோ கேட்டவரும் நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ் வாங்கியவரும் வெவ்வேறு முதலிடங்களைப் பார்த்திருக்க முழு வாய்ப்பு உண்டு.

1963 ஜனவரி 11-ல் வந்த ‘பிளீஸ் பிளீஸ் மீ’ இதில்தான் மாட்டியது. நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸிலும் மெலடி மேக்கரிலும் முதலிடம். ரெக்கார்டு ரீட்டெய்லரில் மட்டும் பாடகர் பிராங்க் ஐஃபீல்டின் ‘தி வேவர்ட் விண்ட்’ மேலே இருந்து வழிவிடாததால் 2. பிற்காலத்தில் தரவரிசை வரலாற்றைத் தொகுத்தவர்கள் 1960-க்கு அப்புறம் வரும் காலத்துக்கு ரெக்கார்டு ரீட்டெய்லரையே அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். ஆகவே இன்று அதிகாரப்பூர்வ எண் 2. அன்று நாடு முழுக்க முதலிடம் என்றே பேசப்பட்ட பாடல் பின்னாளில் ஒரு படி இறங்கியது இப்படித்தான். முதலிடம் பிடித்தவற்றை மட்டும் சேர்த்து 2000-ல் வந்த ‘1’ தொகுப்பின் 27 பாடல்களில் இது இல்லாததற்கும் இதுவே காரணம். நீங்கள் பார்த்த 3, 1964-ல் அமெரிக்காவில் கிடைத்த இடம்.

அதற்கு அடுத்த ‘ஃப்ரம் மீ டு யூ’ தொடங்கி 1966-ன் ‘யெல்லோ சப்மரீன் / எலினார் ரிக்பி’ வரை பிரிட்டனில் வரிசையாகப் பதினொரு சிங்கிள்கள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு வீதம் வந்த சிறு தட்டுகள்) முதலிடம். அந்த வரிசையை அறுத்தது 1967 பிப்ரவரியில் வந்த ‘பென்னி லேன் / ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’. அவர்கள் போட்ட சிங்கிள்களிலேயே ஆகச் சிறந்தது என்று நான் நினைப்பது அதைத்தான். அதை 2-ஆம் இடத்திலேயே மறித்தது ‘ரிலீஸ் மீ’. பாடியவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க், இயற்பெயர் அர்னால்ட் ஜார்ஜ் டோர்சி, 1936-ல் பிறந்தது நம் சென்னையில். உங்கள் வினாடி வினாவுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. ‘ரிலீஸ் மீ’ ஆறு வாரம் முதலிடத்தில் நின்றது, மொத்தம் 56 வாரம் பட்டியலை விட்டு இறங்கவேயில்லை. இளைஞர்கள் தாண்டி, வருடத்துக்கு ஒரு தட்டு வாங்கும் அம்மா அப்பாக்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்த பாட்டு அது. அந்தப் போட்டியில் பீட்டில்ஸ் தோற்றதை வைத்து அவர்கள் மவுசு குறைந்தது என்று எழுதுவது சரியல்ல.

அதே 1967 டிசம்பரில் ‘மேஜிக்கல் மிஸ்டரி டூர்’ இரட்டை இபி (சிங்கிளைவிட அதிகப் பாட்டு கொண்ட சிறு தட்டு) சிங்கிள்கள் பட்டியலில் 2 வரை ஏறியது. மேலே இருந்தது அவர்களுடைய ‘ஹலோ குட்பை’யேதான்! இரண்டு தட்டு, ஒரு படப் புத்தகம் சேர்த்து 19 ஷில்லிங் 6 பென்ஸ் விலை வைத்த பொருள் சாதாரண சிங்கிள்களோடு மோதி அந்த இடத்துக்கு வந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

1969 அக்டோபர் கடைசியில் வந்த ‘சம்திங் / கம் டுகெதர்’ பிரிட்டனில் 4-ஐத் தாண்டவில்லை. இரண்டு பாட்டும் செப்டம்பர் 26-லேயே ‘ஆபி ரோடு’ ஆல்பத்தில் வந்துவிட்டன. ஆல்பம் வாங்கியவர் அதே பாட்டுக்கு மறுபடி காசு கொடுக்கத் தேவையில்லை. அதற்கு முன் அவர்கள் பிரிட்டனில் பெரும்பாலும் சிங்கிளையும் ஆல்பத்தையும் தனித்தனியாகவே வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கம் ஏன் நல்லது என்பதற்கு இந்த 4-ஆம் இடமே சான்று. 1970 மார்ச்சில் ‘லெட் இட் பி’ 2. தடுத்தவர் நடிகர் லீ மார்வின், பாட்டு ‘வாண்டரின் ஸ்டார்’.

பி-சைடு பிரியன்:

மேலே ‘லவ் மீ டூ’ விடுபட்டுவிட்டது. 1962 அக்டோபர் 5 வெளியீடு, ரெக்கார்டு ரீட்டெய்லரில் உச்சம் 17, அதுவும் டிசம்பர் கடைசியில். 1964-ல் அமெரிக்காவில் டோலி நிறுவனத் தட்டாக வந்தபோது முதலிடம். 1982-ல் இருபதாம் ஆண்டு மறுவெளியீட்டுக்கு பிரிட்டனில் 4. மூன்று எண்ணும் மூன்று வெளியீடுகளுடையவை.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. மூன்று தட்டிலும் ஒலிப்பது ஒரே பதிவு அல்ல. 1962-ல் முதலில் அச்சான சிவப்பு லேபிள் பார்லஃபோன் தட்டில் டிரம்ஸ் வாசித்தது குழுவின் ரிங்கோ, செப்டம்பர் 4 பதிவு. செப்டம்பர் 11-ல் ஆண்டி ஒயிட் என்ற ஸ்டுடியோ டிரம்மரை வைத்து மறுபடி எடுத்தார்கள், அதில் ரிங்கோவுக்கு டாம்பரின் (கையால் குலுக்கும் தாளக் கருவி). முதல் ஆல்பத்திலும் அமெரிக்கத் தட்டிலும் இருப்பது இந்த இரண்டாவது பதிவு. காதால் பிரித்தறிவது சுலபம். டாம்பரின் சத்தம் கேட்டால் ஆண்டி ஒயிட், கேட்காவிட்டால் ரிங்கோ. 17 வாங்கியது எது, முதலிடம் வாங்கியது எது என்று பாட்டை ஒலிக்கவிட்டே ஒரு கேள்வி கேட்கலாம்.

ஹாட்நூறு:

அமெரிக்கக் கணக்குக்கு வருகிறேன். இங்கே இரண்டு விஷயம் தெரியாமல் எந்த எண்ணையும் படிக்கக் கூடாது.

முதலாவது, பில்போர்டு இதழின் ஹாட் 100 பட்டியல் தட்டுக்கு இடம் கொடுக்கவில்லை, பாட்டுக்கு இடம் கொடுத்தது. விற்பனையோடு ரேடியோவில் எவ்வளவு ஒலித்தது என்பதையும் சேர்த்துப் பார்த்ததால், ஒரு தட்டின் இரண்டு பக்கமும் தனித்தனி வரிசையில் நிற்கும். ‘பென்னி லேன்’ முதலிடம், அதே தட்டின் மறுபக்கம் ‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ்’ 8. ‘ஹலோ குட்பை’ முதலிடம், பின்பக்கம் ‘ஐ ஆம் த வால்ரஸ்’ 56. ‘லேடி மடோனா’ 4, பின்பக்கம் ‘தி இன்னர் லைட்’ 96. இந்தக் கடைசிப் பாட்டு குழுவில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசனுடையது. 1968 ஜனவரியில் பம்பாயில் இந்திய இசைக் கலைஞர்களை வைத்து அதன் வாத்தியப் பகுதியைப் பதிவு செய்தார். பீட்டில்ஸ் சிங்கிள் ஒன்றில் அவர் பாட்டு இடம்பெற்றது அதுவே முதல் முறை. 96 என்பதைப் பார்த்து யாருக்கும் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். லட்சக்கணக்கான வீடுகளில் அந்தத் தட்டு இருந்தது, ரேடியோக்காரர்கள் முன்பக்கத்தையே போட்டார்கள், அவ்வளவுதான்.

1969 நவம்பர் 29 தேதியிட்ட இதழில் பில்போர்டு இந்த முறையை மாற்றி இரண்டு பக்கத்தையும் ஒரே வரிசையில் சேர்த்தது. தனியாக 3 வரை வந்திருந்த ‘சம்திங்’, ‘கம் டுகெதர்’ரோடு சேர்ந்ததும் அந்த வாரமே முதலிடம். பிரிட்டனில் 4, அமெரிக்காவில் 1 என்று ஒரே தட்டுக்கு இரண்டு விதி அமைந்ததற்குப் பாதிக் காரணம் இந்த விதி மாற்றம்தான்.

இரண்டாவது, உரிமை யார் கையில் என்பது. பீட்டில்ஸ் தட்டுகளை பிரிட்டனில் போட்ட இஎம்ஐ-க்கு அமெரிக்காவில் இருந்த சொந்த நிறுவனமான கேபிட்டல், 1963 முழுக்க பீட்டில்ஸை வேண்டாம் என்று தள்ளியது. அதனால் ‘பிளீஸ் பிளீஸ் மீ’ சிகாகோவின் வீ-ஜே என்ற சிறு நிறுவனத்துக்குப் போனது. 1963 பிப்ரவரியில் வந்த முதல் அச்சில் லேபிளில் குழுவின் பெயரே தப்பு, ‘டி’ எழுத்து ஒன்றுக்கு இரண்டாக விழுந்திருக்கும். சிகாகோவின் டபிள்யூஎல்எஸ் வானொலிப் பட்டியலில் 35 வரை வந்தது, ஹாட் 100 பக்கமே வரவில்லை. மே மாதம் ‘ஃப்ரம் மீ டு யூ’. நூறுக்கு வெளியே நிற்பவற்றுக்கான ‘பப்ளிங் அண்டர்’ பட்டியலில் 116 வரைக்கும்தான். டெல் ஷானன் அதையே பாடி வெளியிட்ட தட்டு 77-க்கு வந்துவிட்டது. பீட்டில்ஸின் லெனனும் மெக்கார்ட்னியும் எழுதிய பாட்டு ஒன்று ஹாட் 100-க்குள் நுழைந்தது முதன்முதலில் அவர் குரலில்தான். செப்டம்பரில் பிலடெல்பியாவின் ஸ்வான் நிறுவனம் ‘ஷி லவ்ஸ் யூ’வைப் போட்டது. அதுவும் பட்டியலில் இல்லை.

பாட்டில் குறை இல்லை என்பதற்குச் சாட்சி வேறு வேண்டாம். 1964 ஏப்ரல் 4 ஹாட் 100-ல் முதல் ஐந்து இடமும் பீட்டில்ஸ். அதில் ‘ஷி லவ்ஸ் யூ’ மூன்றாவது, ‘பிளீஸ் பிளீஸ் மீ’ ஐந்தாவது. அதே பதிவுகள்தான். இடையில் மாறியது ஒன்றே ஒன்று. கேபிட்டல் மனம் மாறி 1963 டிசம்பர் 26-ல் ‘ஐ வாண்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’டை விளம்பரப் பணத்தோடு இறக்கியது.

இப்போது உங்கள் 53, 95. ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ படத்தின் ஆல்பம் உரிமை யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸிடம். கேபிட்டலால் அந்த ஆல்பத்தைப் போட முடியாது, ஆனால் பாட்டுகளைச் சிங்கிளாக விற்கத் தடையில்லை. எனவே 1964 ஜூலையில் அள்ளிக் கொட்டினார்கள். முதலில் ‘எ ஹார்ட் டேஸ் நைட்’, பின்பக்கம் ‘ஐ ஷுட் ஹேவ் நோன் பெட்டர்’. பிறகு ஜூலை 20 ஒரே நாளில் இரண்டு சிங்கிள். ஒன்றில் ‘அண்ட் ஐ லவ் ஹெர்’, பின்பக்கம் ‘இஃப் ஐ ஃபெல்’. இன்னொன்றில் ‘ஐ’ல் க்ரை இன்ஸ்டெட்’, பின்பக்கம் ‘ஐ’ம் ஹேப்பி ஜஸ்ட் டு டான்ஸ் வித் யூ’. போதாதென்று அன்றே ‘சம்திங் நியூ’ ஆல்பமும். இந்த ஆறு பாட்டும் யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆல்பத்தில் ஏற்கெனவே உண்டு. விளைவு, ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ 1, ‘அண்ட் ஐ லவ் ஹெர்’ 12, ‘ஐ’ல் க்ரை இன்ஸ்டெட்’ 25. பின்பக்கங்களில் இரண்டு 53-லும் ஒன்று 95-லும் நின்றன. ஆகஸ்டில் வந்த ‘மேட்ச்பாக்ஸ்’ 17, ‘ஸ்லோ டவுன்’ 25. தங்கள் சரக்கைத் தாங்களே ஒன்றோடொன்று மோதவிட்டதன் பலன் இது.

‘ரோல் ஓவர் பீத்தோவன்’ 68, ‘ஆல் மை லவிங்’ 45 என்றும் பார்ப்பீர்கள். இரண்டும் கனடாவில் அச்சான தட்டுகள், எல்லை தாண்டி வந்து விற்றே அந்த இடத்தைப் பிடித்தன. ‘ஷி லவ்ஸ் யூ’வின் ஜெர்மன் வடிவமான ‘ஸீ லீப்ட் டிஷ்’ 97. மொழி தெரியாத ஊரில் அதுவும் உள்ளே வந்ததே பெரிது.

1969-ன் ‘தி பாலட் ஆஃப் ஜான் அண்ட் யோகோ’ பிரிட்டனில் 1, அமெரிக்காவில் 8. பல்லவியில் கிறிஸ்துவின் பெயரை எடுத்த விதம் பிடிக்காமல் பல அமெரிக்க நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. ரேடியோ எண்ணிக்கையும் சேர்ந்த பட்டியலில் அது நேரடியாக அடிக்கும்.

சுழல்தட்டு:

மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ அமெரிக்காவில் முதலிடம் என்று ஒரு குறிப்பு இருக்கிறது, நீங்கள் எல்லோரும் சொல்லும் முறைப்படி பார்த்தால் 2 தானே? மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் ‘லவ் மீ டூ’வைப் பத்தாயிரம் பிரதி தானே வாங்கித்தான் 17-க்கு ஏற்றினார் என்பதைக் கேள்வியில் சேர்க்கலாமா?

ஹாட்நூறு:

பில்போர்டில் 2, கேஷ் பாக்ஸில் 1. அமெரிக்காவிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வணிக இதழ்கள் பட்டியல் போட்டன. ‘1’ தொகுப்பு பில்போர்டை எடுத்துக்கொண்டதால் ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’டுக்கு அதில் இடமில்லை.

பத்தாயிரம் பிரதிக் கதையை விட்டுவிடுங்கள். அது வெறும் வதந்தியாகவே சுற்றுகிறது. பட்டியல் தயாரானது நாடெங்கும் தேர்ந்தெடுத்த கடைகளின் விற்பனையிலிருந்து. ஒரே இடத்தில் மூட்டை மூட்டையாக வாங்கி வைத்தால் எண் அதற்கேற்ப ஏறிவிடாது. விடை உறுதியில்லாத கேள்வியால் அரங்கில் சண்டைதான் வரும்.

நாற்பத்தைந்து:

ஆல்பங்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிரிட்டனில் 1966 டிசம்பரில் வந்த ‘எ கலெக்‌ஷன் ஆஃப் பீட்டில்ஸ் ஓல்டீஸ்’ 7 வரைதான். கிறிஸ்துமஸுக்குப் புது ஆல்பம் கைவசம் இல்லாமல் கம்பெனி கோத்துப் போட்ட பழைய பாட்டுத் தொகுப்பு. 16 பாட்டில் பிரிட்டனுக்குப் புதிது ‘பேட் பாய்’ ஒன்றுதான். 1969 ஜனவரியின் ‘யெல்லோ சப்மரீன்’ படத்தின் ஆல்பம் பிரிட்டனில் 3, அமெரிக்காவில் 2. புதிதாக நான்கே பாட்டு, இரண்டாம் பக்கம் முழுக்க அவர்கள் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் பின்னணி இசை. இரண்டு மாதம் முன்புதான் இரட்டைத் தட்டாக வெள்ளை ஆல்பம் வந்திருந்தது. விலை கொடுத்து அதை வாங்கியவர்கள் இதற்குக் கை நீட்டத் தயங்கியதில் வியப்பில்லை. ‘ஹே புல்டாக்’ போன்ற பாட்டு அங்கே மாட்டிக்கொண்டதுதான் வருத்தம்.

‘மேஜிக்கல் மிஸ்டரி டூர்’ பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 31 என்று தெரியும். அது அமெரிக்க எல்பி (முழு நீள ஆல்பம்), இறக்குமதியாகி விற்றது. உள்ளூரில் அது இபி என்பதை மேலே சொன்னேன்.

அமெரிக்காவில் வீ-ஜே தன்னிடமிருந்த கொஞ்சம் பாட்டுகளை அட்டை மாற்றி மாற்றி விற்றது. ‘இன்ட்ரொடியூசிங் த பீட்டில்ஸ்’ 2 வரை வந்து ஒன்பது வாரம் நின்றது. அதே பாட்டுகளை வேறு உறையில் போட்டபோது 63. பிராங்க் ஐஃபீல்டோடு சேர்த்துப் போட்ட தட்டு 104. அதில் பீட்டில்ஸ் பாட்டு நான்குதான், மீதி ஐஃபீல்ட். பிரிட்டனில் மறித்தவரும் அமெரிக்காவில் கூடவே ஒட்டிக்கொண்டவரும் ஒரே ஆள் என்பது நல்ல இணைப்புக் கேள்வி. ஃபோர் சீசன்ஸ் குழுவோடு மோதவிட்ட இரட்டைத் தட்டு 142. உரிமை கைக்கு வந்தபின் கேபிட்டல் அந்தப் பாட்டுகளில் 11-ஐ 1965 மார்ச்சில் ‘தி எர்லி பீட்டில்ஸ்’ என்று வெளியிட்டது. 43-ல் நின்றுவிட்டது. அதற்குள் எல்லோர் வீட்டிலும் வீ-ஜே தட்டு இருந்தது.

பி-சைடு பிரியன்:

குழு பிரிந்த பிறகு வந்தவற்றைக் கேட்பதாக இருந்தால் மறுவெளியீட்டு எண்களில் ஜாக்கிரதை. 1976-ல் ‘யெஸ்டர்டே’ முதன்முதலாக பிரிட்டனில் சிங்கிளாக வந்து 8, ‘பேக் இன் த யுஎஸ்எஸ்ஆர்’ 19. 1978-ல் ‘சார்ஜண்ட் பெப்பர்’ஸ்’ முகப்புப் பாட்டை அடுத்த பாட்டோடு ஒட்டிப் போட்டார்கள், பிரிட்டனில் 63, அமெரிக்காவில் 71. 1982-ல் ‘லவ் மீ டூ’ 4 வந்ததும் உற்சாகமாகி ஒவ்வொரு சிங்கிளையும் இருபதாம் ஆண்டில் மறுபடி விட்டார்கள். 1983-ல் ‘பிளீஸ் பிளீஸ் மீ’ 29, ‘ஃப்ரம் மீ டு யூ’ 40, ‘ஷி லவ்ஸ் யூ’ 45. தேடும்போது இந்த எண்கள் 1963 வரிசைக்குக் கீழேயே தனி வரியாக வந்து நிற்கும், வருடத்தைப் பார்க்காமல் எடுத்தால் விடை போச்சு. 1995-ல் ‘ஃப்ரீ அஸ் எ பேர்ட்’ 2, மேலே மைக்கேல் ஜாக்சனின் ‘எர்த் சாங்’. அடுத்த வருடம் ‘ரியல் லவ்’ 4. பிபிசி ரேடியோ 1 அதைத் தன் ஒலிபரப்புப் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

கேள்வியை எழுதும் விதத்திலும் கவனம் தேவை. “பிளீஸ் பிளீஸ் மீ எந்த இடம் பிடித்தது?” என்று கேட்டால் மூன்று பேர் மூன்று விடை சொல்வார்கள், மூன்றும் சரி. “1963-ல் ரெக்கார்டு ரீட்டெய்லர் பட்டியலில்” என்று முன்னால் சேர்த்துவிடுங்கள். அமெரிக்கப் பாட்டென்றால் பில்போர்டு ஹாட் 100 என்பதோடு, 1969 நவம்பருக்கு முந்தையதாக இருந்தால் எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள். ‘பென்னி லேன்’, ‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ்’ இரண்டையும் ஒரே கேள்வியில் கேட்பதானால், பிரிட்டனில் சேர்த்து ஒரே இடம், அமெரிக்காவில் தனித்தனி இடம் என்பதை விடைத்தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நடுவர் கையிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.